பிடுங்கியாச்சு

"என்னங்க, ஸ்ட்ராபெரிச் செடியைக் கலைச்சு விட்டீங்களா?"

வயிற்றுக் கட்டி ஆபரேஷனுக்குப் போகிறவள் போன் போட்டுக் கேட்கிற கேள்வியா இது? டெய்லர், மனைவிக்குத் துணையாக மகளை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு, குளித்து உடை மாற்ற அப்போதுதான் வீட்டுக்கு வந்து பின்வாசலில் நின்றிருந்தார்.

"சாணுக்கு ஒண்ணு விட்டுட்டு மத்ததைப் பிடுங்கச் சொன்னேனே. நெருக்கிக்கிட்டு நின்னா ஒரு பழம் தேறாது."

"பிடுங்கியாச்சும்மா. நீ நிம்மதியாப் போயிட்டு வா."

பச்சைப் பொய். எதிரே பாத்தியில் அத்தனை செடியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அவரும் தினம் பாத்தி ஓரம் போய் உட்காரத்தான் செய்தார். நாளெல்லாம் துணியை வெட்டித் தள்ளுகிற மனுஷனுக்கு, அவள் நட்டதில் கை வைக்க மட்டும் மனசு வரவில்லை. அவள் இப்படிக் கிடக்கும்போது இங்கே எதையாவது பிடுங்கப்போய், அங்கே ஏதாவது ஆகிவிட்டால்?

திரும்பி வந்ததும் நேராகப் பாத்திக்குத்தான் போவாள். போகட்டும், திட்டட்டும். வந்தால் போதும்.

அவசரமாகக் குளித்துவிட்டு, ஈரத் துண்டைக் காயப்போட வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பாத்தியில் பாதி காலி. பக்கத்து வீட்டம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிடுங்கிய செடிகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷம் வேலி தாண்டி வந்த கொடிகளைக் கத்தரித்து இந்தப் பக்கமே வீசியெறிந்த மகராசி. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"ஏம்மா, உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? அவ அங்க கத்திக்குக் கீழ படுத்திருக்கா. ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திருட வந்துட்டீங்களே."

சொல்லும்போதே குரல் உடைந்தது. அந்தம்மா பதறவில்லை. இன்னொரு செடியை வேரோடு எடுத்து மண்ணை உதறினாள்.

"கூடையை இங்கயேதான் வச்சுட்டுப் போவேண்ணா. தொட்டியில நட்டுக்கலாம்."

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"யாரையும் கேக்கல. நீங்க போன்ல பேசினது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு."

அடுத்த செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி கண்ணு முழிக்கிறதுக்குள்ள, நீங்க சொன்னது நெசமாயிடணும்ல."