அழிக்க முடியாத வாக்குமூலம்

“அம்மா தாயே, அந்த ஒரு வரியை மட்டும் அழிச்சிடும்மா!”

கிடங்கு மேற்பார்வையாளர் கெஞ்சினார். கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் திரையைப் படித்தாள். ‘பத்துப் பெட்டி சாக்லேட்டை நான் எடுத்துக்கொண்டேன்.’ தேதி, நேரம், அவருடைய கைரேகை எல்லாம் பக்காவாக இருந்தன.

“பிரம்மாவே வந்தாலும் முடியாது சார். இது பிளாக்செயின். ஒருத்தர் எழுதினா தொழிற்சாலையிலேர்ந்து கடை வரைக்கும் பன்னிரண்டு இடத்துலயும் பதிவாயிடும். முதலாளியோட மாப்பிள்ளை ஆசை ஆசையா கொண்டுவந்தது.”

மேற்பார்வையாளர் விரல்விட்டு எண்ணினார். ஓய்வு பெற எட்டே மாதம். இருபத்தாறு வருட நல்ல பெயர் ஒரு பட்டனில் போச்சு.

மதியமே முதலாளி கூப்பிட்டனுப்பினார். அறையில் இன்ஸ்பெக்டர் இருந்தார். பேக்கிங் பிரிவைக் கவனிக்கும் மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“திருடன் அவனே எழுதிக் குடுத்துட்டான் மாமா! நம்ம டெக்னாலஜி அப்படி.”

“மத்தவங்க எழுதினதையும் பாத்துடலாமே,” என்று இன்ஸ்பெக்டர் திரையை நகர்த்தினார். அவர் நெற்றி சுருங்கியது.

“லாரி டிரைவர், ‘பத்துப் பெட்டி நான் எடுத்தேன்’. மொத்த வியாபாரி, பத்து. கடைக்காரர், பத்து. ஆக பதினோரு பேர், நூத்திப்பத்துப் பெட்டி. அனுப்பினதே நூறுதான். எப்படிய்யா திருடினீங்க?”

மேற்பார்வையாளர் அழுதே விட்டார்.

“நான் எடுக்கவே இல்லைங்கய்யா! வரும்போதே பத்து குறைஞ்சுது. காரணம் எழுதாம மெஷின் சரக்கை இறக்க விடாது. எலின்னு போட்டேன், எலியோட போட்டோ கேட்டுது. உடைஞ்சதுன்னு போட்டேன், அதுக்கும் போட்டோ. வெளியில சாக்லேட் உருகுது, லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். ‘நான் எடுத்தேன்’னு போட்டேன், ஒரு கேள்வி கேக்காம பச்சை விளக்கு எரிஞ்சுது!”

“ஏன்யா, அடுத்தவன் எழுதினதை ஒருத்தருமா படிக்கலை?” என்றார் முதலாளி.

“எழுதத்தான் சொன்னாங்கய்யா. படிக்கச் சொல்லலை.”

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, சங்கிலியின் முதல் பதிவை மெதுவாக இரண்டு முறை படித்தார். மாப்பிள்ளையின் கால் தானாகக் கீழே இறங்கியது.

பதினோரு திருடர்களையும் விட்டுவிட்டு, ‘நான் எதையும் எடுக்கவில்லை’ என்று எழுதியிருந்த ஒரே ஆளான மாப்பிள்ளையை இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏற்றினார்.