நானும் புதுசுதான்

“நீங்கள் புதுசோ? பேர் என்ன?”

எட்டாவது முறையாக இந்தக் கேள்வி வந்தபோது அஷ்வினுக்கு முதுகு சில்லிட்டது.

கேட்டவன் கிறிஸ்ரியன். அதே சிரிப்பு. தோளில் அதே இரண்டு தட்டு. அடுத்து என்ன சொல்வான் என்பதும் அஷ்வினுக்கு மனப்பாடம்: “நானும் புதுசுதான். இண்டைக்குத்தான் முதல் நாள்.”

எசன் நகரத்தில் ஒரு கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி அது. போன வருடம் எட்டு மேட்ச், எட்டும் தோல்வி. அதனால் இந்த வருடம் வந்து நின்றவர்களுக்கெல்லாம் இடம். கோயம்புத்தூரிலிருந்து எம்.எஸ். படிக்க வந்த அஷ்வினுக்கும் கிடைத்தது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஓர் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவர்களின் மானத்தைக் காப்பாற்றுவது, எப்போதாவது வந்து உதைத்துவிட்டுப் போகிற கிக்கர்தான். அந்த வேலை அஷ்வினுக்கு. சனிக்கிழமை சீசனின் முதல் மேட்ச். உதைக்க வேறு ஆள் இல்லை.

முதல் தடவை கிறிஸ்ரியன் தமிழில் பேர் கேட்டபோது அஷ்வின் மகிழ்ந்துபோனான். இரண்டாம் தடவை, மறதி என்று நினைத்தான். மூன்றாம் தடவை, திமிர் என்று.

“யாருடா அவன்?” என்று ஜெசிந்தனிடம் கேட்டான். ஜெசிந்தன் நாலு வருடமாக அணியில் இருப்பவன்.

“ஆர், கிறிஸ்ரியனோ? நல்ல பெடியன்.”

“நாலு வருஷமா இங்க இருக்க. உன் பேரையும்தான் கேக்கறான். நீயும் சொல்ற!”

“கேட்டால் சொல்லத்தானே வேணும், மச்சான்.”

சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். கம்பிக்குப் பின்னால் போய்விட்ட முகத்தில் மேற்கொண்டு ஒன்றும் படிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அஷ்வின் கவனிக்க ஆரம்பித்தான். கவனிக்காமலே இருந்திருக்கலாம். மோதல் பயிற்சியில் கிறிஸ்ரியன் ஓடி வந்தான். நூற்றுப்பத்துக் கிலோ மோரிட்ஸ், அவன் விரல் நுனி பட்டதும் தானாகச் சரிந்து விழுந்தான். அடுத்தவனும் விழுந்தான். அதற்கடுத்தவனும். ஒருவரும் சிரிக்கவில்லை. பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்து, வரிசையில் நின்று, அவனிடம் தங்கள் பேரைச் சொன்னார்கள்.

காரணம் தெரியாமல் பயப்படுவது படித்தவனுக்கு அழகா? ராகிங் என்று முடிவு கட்டினான் அஷ்வின். மொத்த டீமும் கூட்டு.

ஆகவே எட்டாவது முறை அவனும் விளையாடிப் பார்த்தான்.

“பேரா? கதிர்காமநாதன்.”

“கதிர்காமநாதன்! வடிவான பேர்.” தோளில் இரண்டு தட்டு. “நானும் புதுசுதான். இண்டைக்குத்தான் முதல் நாள்.”

மைதானம் அப்படியே நின்றது. முப்பது ஹெல்மெட்டுகள் மெதுவாக அஷ்வின் பக்கம் திரும்பின. யாரோ கைவிட்ட பந்து ஒன்று மட்டும் கோணல்மாணலாக உருண்டு போய்க்கொண்டிருந்தது.

“தம்பி, இஞ்சை வாரும்.” கோச் கூப்பிட்டார். மன்னார்க்காரர், விசில் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரல். இப்போது அது பக்கத்தில் நிற்பவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. “ஏன் அவனுக்குப் பொய் சொன்னனீர்?”

“பின்ன என்ன கோச்? எட்டு வாட்டி கேட்டாச்சு. எத்தனை முதல் நாளுங்க ஒரு மனுஷனுக்கு? உங்க ஊர்க்காரர்னா கண்டுக்க மாட்டீங்களா? ஒண்ணு அவர் இருக்கட்டும், இல்ல நான். சனிக்கிழமைக்கு வேற ஆள் பாத்துக்கோங்க.”

கோச் புல்லைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மூண்டு வரியத்துக்கு முந்தி, கடைசி மட்ச். அவனுக்குத் தலையிலை அடி. ‘தலை சுத்துது, என்னை எடுங்கோ’ எண்டவன். ‘இன்னும் ஒருக்கா ஓடு’ எண்டு திருப்பி இறக்கினது நான். ரண்டாவது அடியோடை எல்லாம் போயிட்டுது. இப்ப பாத்த முகம் அரை மணித்தியாலம் நிக்காது. வீட்டு ஆக்களின்ரை பேர் தெரியும், முகம் தெரியாது. டொக்ரரிட்டை எத்தினை டெர்மின் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டியாச்சு! ‘பாப்பம், பாப்பம்’ எண்டுதான் சொல்லுறார். சுத்தி நிக்கிற ஒருத்தரையும் தெரியேல்லை எண்டால் அவன் என்ன நினைப்பான்? தான்தான் புதுசு எண்டு நினைக்கிறான்.”

“எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே, கோச்?”

“சொன்னால் பாவம் பாத்துப் பேர் சொல்லுவீங்கள். அது அவனுக்கு விளங்கிப்போடும். சனிக்கிழமை நீர் உதைக்கிறதும் விடுறதும் உம்மடை விருப்பம். அவனிட்டைப் பொய் மட்டும் சொல்லாதையும். நாங்கள் சொல்லுறதை விட்டால் அவனிட்டை வேறை ஒண்டும் இல்லை.”

தண்ணீர் இடைவேளை முடிந்ததும் கிறிஸ்ரியன் வந்தான். அஷ்வின் போகாமல் கோச்சின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

“நீங்கள் புதுசோ? பேர் என்ன?”

“அஷ்வின். அஷ்வினுங்க. கோயம்புத்தூர்.”

“நானும் புதுசுதான். இண்டைக்குத்தான் முதல் நாள்.” தோளில் இரண்டு தட்டு. பிறகு கோச்சின் பக்கம் திரும்பினான். “அண்ணை, நீங்களும் புதுசோ?”

கோச் தொப்பியைக் கழற்றினார்.

“ஓம், தம்பி. புதுசுதான். என்ரை பேர் பென்ஜமின்.”

“அட!” கிறிஸ்ரியனின் முகம் மலர்ந்தது. “என்ரை அப்பான்ரை பேரும் அதுதான்!”