அக்கரைத் தேன்

புளியமரத்துக் கூட்டிலிருந்து பிரிந்துபோன தேனீக்கள் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வேப்பமரத்தில் கூடு கட்டின. சேர்த்த தேனில் பாதியைத் தாய்க்கூட்டுக்கு அனுப்பின. சாயங்காலமானால் எல்லாம் புளியமரத்தின் பக்கம் திரும்பி ஒருமுறை ரீங்கரித்துவிட்டுத்தான் அடங்கும்.

ஒரு கோடையில் பூவே இல்லை. பாதி போதாது, முழுவதும் வேண்டும் என்று தாய்க்கூட்டு ராணித் தேனீ சொல்லியனுப்பியது. வேப்பமரத்திலிருந்து செவந்தி என்ற தேனீ கெஞ்சிக் கேட்கப் போனது. காவல் தேனீக்கள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டன. மறுபடி போனதற்கு, அங்கிருந்து நாலு காவல் தேனீக்கள் வந்து வேப்பமரத்துக் கூட்டிலேயே உட்கார்ந்து தேனைக் குடித்தன. மூன்றாம் முறை செவந்தி ராணியையே பார்த்துவிட்டது.

திரும்பி வந்ததும் எல்லாம் சூழ்ந்துகொண்டன. “அம்மா என்ன சொன்னாங்க?”

செவந்தி சிறகைத் துடைத்துக்கொண்டே இருந்தது. பிறகு சொன்னது:

“நீ எந்தக் கூடுன்னு கேட்டாங்க.”

அன்று சாயங்காலம் ஒன்றுகூடப் புளியமரத்தின் பக்கம் திரும்பவில்லை. காவல் தேனீக்களை வெளியே தள்ளின. கொட்டினால் தமக்கும் சாவுதான் என்று தெரிந்தே, கொடுக்கை நீட்டி வாசலை அடைத்து நின்றன.

செவந்தி மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒருமுறை புளியமரத்தைப் பார்த்து மெல்ல ரீங்கரித்தது. பக்கத்துத் தேனீ அதைக் கேட்காததுபோல் இருந்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றது.