கூழாங்கல் போன திசை

மலை ஏரி உறைந்ததும் நீர்நாய்கள் அதன்மேல் கூழாங்கல்லைக் குச்சியால் அடித்து விளையாடும். வேடிக்கை பார்க்கத்தான் யாரும் வருவதில்லை. செங்கன் என்ற நீர்நாய் ஒருநாள் கெஞ்சிக் கூத்தாடித் தன் சிநேகிதி நீலி என்ற மலையாட்டைக் கரையில் நிற்கவைத்தான். அன்று எல்லாரையும் ஏய்த்துவிட்டு, கல்லை எதிர்க்கரையில் இலக்காக வைத்திருந்த வளைக்குள் அடித்தான்.

“பார்த்தியா நீலி?” என்று மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“கல்லு எங்கே போச்சுன்னே தெரியலையே,” என்றாள் நீலி, குளிரில் நடுங்கியபடி. “கீழே பள்ளத்தாக்குல பூசணிக்காயை உதைச்சு ஆடினா எனக்குப் புரியும், நானும் உதைச்சிருக்கேன். இங்கே என்னை ஒருநாளாவது சேர்த்திருந்தா, எங்கே பார்க்கணும்னு தெரிஞ்சிருக்கும்.”

செங்கனுக்குச் சுருக்கென்றது. “இப்பவே வா!” என்று குச்சியை நீட்டினான்.

நீலி ஆசையாய்க் காலை வைத்தாள். கரையோரப் பனிக்கட்டி பொதுக்கென்று உடைந்தது. குளிர்காலமும் அதோடு ஆட்டமும் முடிந்துகொண்டிருந்தன.