மூச்சு வாங்காத பெட்டி

மூட்டை தூக்கும் சூசை, ஒலிப்பதிவுக்கூட முதலாளிக்குத் தர வேண்டியது நாற்பத்து மூவாயிரத்து எழுநூறு ரூபாய். பழைய சிப்புக்கு எழுதிய, பாட்டுக்கு எதிரொலி சேர்க்கும் பிளக்இன் மென்பொருள் முதலாளியின் புதுக் கம்ப்யூட்டரில் திக்கித் திணற, சூசையின் மகள் ஜெசிந்தா மூன்று மாதம் உட்கார்ந்து அதைப் புதுச் சிப்புக்கென்றே திருப்பி எழுதினாள். இன்று ஓட்டிக் காட்டினாள். சூசை பாட்டைக் கேட்கவில்லை. விசிறி இரைகிறதா என்று கம்ப்யூட்டர் பெட்டியின் விலாவில் காதை வைத்தார்.

"சுமை ஏத்தியாச்சா தாயி?"

"பாட்டோட அறுபது டிராக்கும் ஏத்தியாச்சுப்பா."

"மூச்சே வாங்கலையே."

முதலாளி சிரித்தபடி கடன் நோட்டில் சூசையின் பேருக்கு நேரே 'தள்ளுபடி' என்று எழுதினார். சூசை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"தள்ளுபடி வேண்டாம் மொதலாளி. எம்பொண்ணு கூலின்னு எழுதுங்க."

முதலாளி அதை அடித்துவிட்டு அப்படியே எழுதினார். அதையும் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த பிறகே சூசை துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.