விளக்கம் போதுமானது

காப்புரிமை அலுவலகத்தில் ரெஜினாவுக்கு ஒரே வேலைதான். கம்பெனி எழுதிக் கொடுத்த விளக்கத்தைப் படித்து, சொந்தமாக எதையும் சேர்க்காமல், பொருளைச் செய்து, சோதித்துப் பார்க்க வேண்டும். விளக்கம் போதும் என்று அவள் சான்று கொடுத்துவிட்டால், எந்த ஆஸ்பத்திரியும் அதைப் பார்த்தே செய்துகொள்ளலாம்.

அன்று அவள் செய்து முடித்த செயற்கை நுரையீரலில் அமில நெடி அடித்தது. கழுவச் சொல்லி விளக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. கம்பெனி அதை மட்டும் சாமர்த்தியமாகப் பதுக்கியிருந்தது.

போதாது என்று எழுதினால் சோதனை அத்தோடு ரத்து. சோதனைக்குச் சம்மதித்து மேஜையில் கிடந்த அருளப்பனுக்கு வேறு நுரையீரல் கிடைக்காது.

“என்ன தாயி, மூக்கைச் சுளிக்கிறீக? மீன் வாங்கவா வந்தீக?” என்று இளைப்புக்கு நடுவே சிரித்தார் அவர்.

ரெஜினா தண்ணீர்க் குழாயைத் திறந்து, நெடி போகும்வரை நுரையீரலை அலசினாள். அறுவை இயந்திரம் அதை அவர் மார்புக்குள் பொருத்தியது. அருளப்பன் நடந்தே வீட்டுக்குப் போனார். அவள் சான்றில் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம், மலையோர ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு டாக்டர் போனில் அழைத்தார்.

“எழுதியிருக்கிறபடிதான் செஞ்சோம், மேடம். நுரையீரல் வச்ச நாலு பேரும் போயிட்டாங்க. எங்க கையில என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க.”