துண்டு போட்ட தீவு

இருபத்திரண்டு வருஷம் நான் பிடித்த ஸ்டியரிங் மேல் ஆணை. இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், என் கால் இனி எந்தப் பிரேக்கையும் எட்டாமல் போகட்டும்.

கால் சுட்டது.

மாலத்தீவில் மணல்தான் வெள்ளை. சூடு நம் தார் ரோட்டுச் சூடுதான்.

பத்தடியில் கடல். அப்படி ஒரு நீலத்தை அதற்குமுன் நான் சொட்டுநீலப் புட்டியில்தான் பார்த்திருக்கிறேன். அதில் முழங்கால் நனைய ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். வந்ததே அதற்குத்தான்.

நிற்க முடியவில்லை.

காரணம், அணஞ்சபெருமாள்.

திருநெல்வேலி–நாகர்கோவில் தடத்தில் நான் டிரைவர், அவர் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் இருவருக்கும் ஒரே டீக்கடை. அந்தக் கடைச் சுவரில், காலண்டரில், இந்தக் கடல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, டீ ஆறுவதற்குள், பார்த்துக்கொண்டே இருந்தது போதும், போய்விடலாம் என்றார்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தோம். வர நாளாகும், பொறும் என்றேன்.

அவ்வளவு நாள் தனக்குத் தோதுப்படாது என்றார்.

கட்டிய வேட்டியோடு கிளம்பினோம்.

திருவனந்தபுரத்தில் விமானம் நகரத் தொடங்கியிருந்தது. அணஞ்சபெருமாள் கூடவே ஓடி, தோளில் கிடந்த துண்டை ஜன்னல் வழியாக வீசி இரண்டு சீட்டுப் பிடித்தார். விமான ஜன்னல் திறக்காது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர் துண்டுக்குத் திறந்தது. நாங்கள் உள்ளே போனபோது, அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் துண்டைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றிருந்தார்கள். மாலத்தீவு வரை கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

இறங்கியதும் பாஸ்போர்ட் கேட்டார்கள். அணஞ்சபெருமாள், ஓய்வு பெற்றவர்களுக்குத் தருகிற பஸ் பாஸை நீட்டினார். அதிகாரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். விரைவுப் பேருந்தில் இது செல்லாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

கடற்கரைக்கு வந்ததும் அணஞ்சபெருமாள் துண்டை மணலில் விரித்தார். விசிலை எடுத்தார். ஒரு தடவை ஊதினார்.

ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் எடுக்க வேண்டும். சாமியே வந்து படிக்கட்டில் தொங்கினாலும், இரண்டு விசில் கேட்காமல் நான் வண்டியை நகர்த்தியது கிடையாது.

துண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இடத்தப் பாத்துக்கிடும்வே. இந்தா வந்துருதேன்," என்றார். தண்ணீர் எப்படி என்று பார்க்கப் போனார்.

போனவர் போனவர்தான்.

தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி துண்டைப் பார்த்தது. மரியாதையாக எனக்குப் பின்னால் நின்றது. அவர்களுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி. மதியத்துக்குள் நாற்பத்து மூன்று பேர் வரிசை. எதற்கு என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு வெள்ளைக்காரர் குனிந்து, வள்ளியூர் நிற்குமா என்று கேட்டார்.

பைபாஸ் என்றேன்.

சாயங்காலம் கடல் ஏறியது. அப்பாடா என்று காலை நீட்டினேன். வந்த அலை துண்டின் ஓரம்வரை வந்தது. துண்டைப் பார்த்தது. இரண்டாகப் பிரிந்து, என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

வரிசையில் நின்ற நாற்பத்து மூன்று பேருக்கும் இடுப்புவரை நீலம்.

என் சுண்டுவிரல் நனையவில்லை.

இதற்கு நான் கடலே இல்லாத சங்கரன்கோவிலுக்குப் போயிருக்கலாம்.

துண்டைச் சுருட்டி எறிந்துவிட்டு எழுந்து போயிருக்கலாம்தான். கைகூட வைத்தேன். துண்டை எடுத்தால் இடம் போய்விடும். இடம் போய்விட்டால் அந்த மனுஷன் வந்து எங்கே உட்காருவார்?

கையை எடுத்துக்கொண்டேன். அவரை வைதேன். அவர் அப்பாவை வைதேன். அவரைக் கண்டக்டர் வேலையில் சேர்த்தவரையும் விடவில்லை.

அப்போது அவரைப் பார்த்தேன். தூரத்தில், தண்ணீரில், முதுகு காட்டி நின்றார். முழங்கால் தாண்டி, இடுப்பு தாண்டி.

திரும்பினார். விசிலை வாயில் வைத்தார்.

நான் பாதத்தை மணலில் ஊன்றித் தயாரானேன்.

விசில் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. கொஞ்ச நாளாகவே அவருக்கு அப்படித்தான்.

"ஊதித் தொலையும்வே," என்றேன்.

கன்னம் உப்பியது. மறுபடியும் காற்றுதான்.

இருட்டியது. வரிசை கலைந்தது. வெள்ளைக்காரர் வேறு வண்டி பிடித்துக்கொண்டார்.

நான் அங்கேயேதான் இருக்கிறேன். துண்டில் ஒரு ஈ உட்கார விடவில்லை.

தபால்காரர் அணஞ்சபெருமாளின் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தது, அவருடைய பதினாறாம் நாள் காரியத்தன்று.